டிஸ்ப்ளே போன லேப்டாப்: மேல்சித்தாமூர் நினைவுகள்

மடிக்கணினியில் வரும் பல பழுதுகள் வெளியே ஒரே முகத்தைத்தான் காட்டும்: திரை கறுத்து நின்றுவிடும். அடாப்டரிலிருந்து மின்சாரம் வராவிட்டாலும் கறுப்பு. மெமரி தன் இடத்தில் சரியாக உட்காராவிட்டாலும் கறுப்பு. திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு அணைந்தாலும், விண்டோஸ் பாதியில் சிக்கிக்கொண்டாலும் அதே கறுப்பு. வைத்திருப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். “டிஸ்ப்ளே போச்சு” என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். திரைப் பலகையே கெட்டுப்போயிருப்பது அவற்றில் சிலவற்றில்தான். வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்று வரிசையாகப் பிரித்துப் பார்த்தால், புதிதாக எதுவும் வாங்காமலேயே பிழைத்துக்கொள்ளும் பெட்டிகள் நிறைய.

மேல்சித்தாமூரில் இந்த வரிசை கைக்குப் பழகியது 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில். விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமைப்பீடமான ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும் இங்கே இருப்பதால் வெளியூர்களில் பெயர் தெரியும். உள்ளூர்க்காரர்களுக்கு நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் உளுந்தும்தான் பிழைப்பு. இந்த வீடுகளுக்குள் லேப்டாப் நுழைந்தது அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, முதலமைச்சர் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்தவர்களுக்குக் கொடுத்தது. அரசு, உதவிபெறும் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படித்தவர்களுக்கும் கிடைத்தது. அக்கா வாங்கியது ஒன்று, அடுத்த ஆண்டு தம்பி வாங்கியது ஒன்று என்று, ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில்கூட இரண்டு லேப்டாப் இருந்த காலம் உண்டு.

படிப்பு முடிந்ததும் அவற்றில் பல பரணுக்குப் போயின. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து, பள்ளி திறக்காமல், ஜூன், ஜூலையில் செல்போனில் பாடம் தொடங்கியபோது, ஒரே போனுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் போட்டியிட்ட வீடுகளில் பரண் நினைவுக்கு வந்தது. இறக்கிப் பார்த்தால் திரை கறுப்பு. பேருந்து ஒழுங்காக ஓடவில்லை, திண்டிவனம் கடைவீதியில் பழுது பார்க்கும் கடைகள் பல நாள் அடைத்துக் கிடந்தன, சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு பாகமும் எளிதில் வர வழியில்லை. பாகம் இல்லாமல் என்னென்ன செய்ய முடியுமோ அதையெல்லாம் முதலில் செய்தாக வேண்டியிருந்தது. ஊரடங்கு போன பிறகும் அதுவே சரியான வரிசை என்பது இன்றுவரை பெட்டிக்குப் பெட்டி உறுதிப்பட்டு வருகிறது.

முதல் வேலைக்கு ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை; கண்ணும் காதும் போதும். பவர் பட்டனை அழுத்தியதும் பக்கத்திலுள்ள சிறு விளக்கு எரிகிறதா, ஓரத்தில் காற்று வருகிறதா, ஹார்ட் டிஸ்க் சுழலும் மெல்லிய அதிர்வு உள்ளங்கைக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு நிமிடம் கழித்து கேப்ஸ் லாக் விசையைத் தட்ட வேண்டும். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே பிராசஸர் வேலை செய்கிறது, விசைப்பலகைக்குப் பதில் சொல்கிறது என்று பொருள். அப்படியானால் கோளாறு படத்தைத் திரைக்குக் கொண்டுசேர்க்கும் வழியில் இருக்கிறது. விளக்கு அசையாவிட்டால் கணினியே எழுந்திருக்கவில்லை. விண்டோஸ் தொடங்கும்போது வரும் அந்தச் சின்ன இசை கேட்டுவிட்டால் சந்தேகமே வேண்டாம்; பெட்டி முழுக்க நலமாக இருந்து, திரை மட்டும் இருண்டிருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனை பழுதின் பாதி வரைபடத்தைக் கையில் கொடுத்துவிடும். இதைச் செய்யாமல் பெட்டியைப் பிரிப்பவர்கள்தான் நல்ல பாகங்களையும் கெடுக்கிறார்கள்.

விளக்கே எரியவில்லை என்றால் அடாப்டரிலிருந்து தொடங்க வேண்டும். இந்த ரக மடிக்கணினிகளின் அடாப்டர் பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட் நேர்மின்சாரம் தருவது. மல்டிமீட்டரை 20 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசி அளவில் வைத்து, ஒரு முனையை முள்ளின் உள்ளேயும் மறு முனையை வெளிப்பக்க உலோகத்திலும் தொட்டால் கணக்குத் தெரிந்துவிடும். மாலை வேளையில் கொல்லை மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதால்தான் லேப்டாப் வரவில்லை என்று ஊரில் பலர் நம்பினார்கள். அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். டியூப்லைட் கண் சிமிட்டும் அளவுக்கு வோல்டேஜ் இறங்கினாலும் அடாப்டர் சமாளிக்கும். அதைக் கொல்வது போன கரண்ட் திரும்பி வரும் நொடியில் எழும் அலையும், கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை பாய்வதும்தான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த பிறகும், மின்வெட்டு கடுமையாக இருந்த 2012, 2013-லும் கருகிய அடாப்டர்கள் அதிகம். கரண்ட் போனவுடன் பிளக்கைப் பிடுங்கி, வந்து சற்று நேரம் கழித்துச் செருகிய வீடுகளில் அடாப்டர்கள் நீண்ட காலம் உழைத்தன.

அடாப்டர் நன்றாக இருந்தும் பெட்டி எழவில்லை, அல்லது விளக்கு மட்டும் எரிந்து வேறொன்றும் நடக்கவில்லை என்றால், அடுத்தது மிச்ச மின்சாரத்தை வடிப்பது. மின்சார வரவையும் விசைப்பலகையையும் கண்காணிக்க மதர்போர்டில் தனியாக ஒரு சில்லு உண்டு. பெட்டி அணைந்திருக்கும்போதும் அது விழித்திருக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது அது ஏதோ ஒரு நிலையில் உறைந்து நின்றுவிடும். அதற்கு முழுமையாக மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முதலில் வந்த அரசு லேப்டாப்புகளில் பேட்டரியை அடிப்பக்கத்துத் தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றிவிடலாம். அடாப்டரையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பேட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் செருகிப் போட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய பிற்கால ரகங்களில் பட்டனை ஒரு நிமிடம் வரை பிடிக்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்த பெட்டிகளில் இந்த ஒரு வேலையே பலன் தந்தது. பேட்டரி அடியோடு வடிந்து, அதுவே தடையாக நின்றிருக்கும். அதைக் கழற்றியதும் அரசு முத்திரை திரையில் தெரியும்.

பெட்டி ஓடுகிறது, இசை கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் டார்ச் வேண்டும். எல்சிடி திரைக்குச் சொந்தமாக ஒளி கிடையாது. அதிலுள்ள திரவப் படிகங்கள் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைத் திறந்தும் மூடியும் படத்தை உருவாக்குகின்றன. பழைய மடிக்கணினிகளில் அந்த வெளிச்சத்துக்கு மெல்லிய ஃபுளோரசன்ட் குழாய் இருந்தது. அரசு லேப்டாப் வந்த காலத்தில் எல்இடி வரிசை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. பின்விளக்கு அணைந்தாலும் படிகங்கள் படத்தை வரைந்துகொண்டேதான் இருக்கும். பார்க்க ஒளி இருக்காது. இருட்டான அறையில் திரைமீது செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஐகான்களின் நிழல் மங்கலாகத் தெரியும். மேல்சித்தாமூர் மடத்தில் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. மையேற்றாத ஏட்டைச் சாய்வான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பிடித்தால் எழுத்தாணியின் கீறல் தெரியுமே, டார்ச் வெளிச்சத்தில் திரை தெரிவதும் அப்படித்தான். நேராக அடித்தால் ஒளி திரும்பிக் கண்ணைக் கூசும், ஒன்றும் தெரியாது. நிழல் தெரிந்துவிட்டால் பழுது பின்விளக்கோடும் அதற்கு மின்சாரம் தரும் சுற்றோடும் நின்றுவிடுகிறது. அந்தப் பாதையில் ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு ஃபியூஸ் இருக்கும். அது போயிருந்தால் செலவு சொற்பம்.

டார்ச்சில் ஒன்றும் தெரியாவிட்டால் வெளியிலிருந்து ஒரு மானிட்டரை இணைத்துப் பார்க்க வேண்டும். விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ கம்பியைச் செருகி, எஃப்என் விசையோடு திரைப் படம் போட்ட விசையை அழுத்த வேண்டும். விண்டோஸ் பொத்தானோடு பி (P) விசையை அழுத்தினாலும் ஆகும். வெளி மானிட்டரில் படம் வந்தால் மதர்போர்டும் படச் சில்லும் நன்றாக இருக்கின்றன. பழுது திரையிலோ அதற்குப் போகும் கம்பியிலோதான். மேல்சித்தாமூரில் இந்தச் சோதனைக்கு மானிட்டர் கிடைப்பதுதான் கஷ்டம். 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி பல வீடுகளில் இருந்தது. அதில் மஞ்சள், வெள்ளை ஏவி துளைகள்தான், லேப்டாப்பின் விஜிஏவை அதில் செருக முடியாது. எச்டிஎம்ஐ துளையுள்ள தட்டையான டிவி வாங்கிய வீட்டைத் தேடிப் போக வேண்டும். அங்கே வாசலில் நின்று காரணம் சொன்னால், சீரியல் நேரமாக இருந்தாலும் சேனலை மாற்றிக் கொடுத்தார்கள். பொறியியல் கலந்தாய்வு 2018-இல் இணையவழிக்கு மாறியிருந்தது. 2020 கலந்தாய்வில் கல்லூரி வரிசையைத் தேர்ந்தெடுக்கும் நாளில் திரை கறுத்துப்போன ஒரு பிள்ளையின் லேப்டாப்பை அப்படியே டிவியோடு கட்டிவைத்து வேலையை முடித்தது உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு எந்தக் கல்லூரி எவ்வளவு தூரம் என்று சொல்ல, பட்டியல் டிவித் திரையில் ஓடியது. திரையைச் சரிபண்ணப் பிறகு நாள் கிடைத்தது. கலந்தாய்வுத் தேதி திரும்ப வராது.

வெளி மானிட்டரிலும் படம் இல்லை, மின்விசிறி சுழல்கிறது, கேப்ஸ் லாக் அசையவில்லை என்றால் மெமரியின் பக்கம் திரும்ப வேண்டும். பெட்டி எழும்போது முதலில் மெமரியைத் தேடும். கிடைக்காவிட்டால் படம் போடும் கட்டத்துக்கே போகாது. சில ரகங்களில் பீப் ஒலி வரும், சிலவற்றில் விளக்கு சிமிட்டும், வேறு சில ரகங்கள் ஒருசில நொடிகள் ஓடி அணைந்து மறுபடி ஓடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அடிப்பக்க மூடியைத் திறந்தால், இரண்டு பக்கமும் கொக்கி பிடித்தபடி மெமரிப் பலகை சாய்ந்து கிடக்கும். கொக்கிகளை விரலால் விலக்கினால் தானாக மேலெழும். அதன் பொன்னிறப் பற்களில் ஈரக்காற்றும் தூசும் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஊதினால் எச்சில் ஈரம் படும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பொன் பூச்சே போய்விடும். இரண்டு பலகை இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, துளை மாற்றித் துளை மாற்றிப் பார்க்க வேண்டும். ஊரடங்கில் பிழைத்த பெட்டிகளில் அழிப்பானுக்குத்தான் பெரும்பங்கு. ஒரு வீட்டில் ஏழாம் வகுப்புப் பையனே பார்த்துக்கொண்டிருந்து கற்றுக்கொண்டு, தன் தெருவில் இரண்டொரு பெட்டியை எழுப்பிவிட்டான். இதே கட்டத்தில் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரியையும் கழற்றிச் சில நிமிடம் விட்டு மாட்டலாம். 3 வோல்ட் தரும் அது வடிந்திருந்தாலோ, பயாஸ் அமைப்பு குழம்பியிருந்தாலோ அதில் தெளியும்.

படம் வந்து வந்து போனால் கவனிக்க வேண்டியது கீல். மதர்போர்டிலிருந்து திரைக்குப் போகும் கம்பிக்கற்றை கீலின் வழியாகத்தான் நுழைகிறது. பெட்டியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கித் திறந்து மூடும் வீட்டில், அந்த இடத்தில் கம்பி மடங்கி மடங்கி உள்ளே அறுந்துவிடும். திரையைக் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் நிறுத்தினால் படம் வரும், கொஞ்சம் சாய்த்தால் போகும். அந்தக் கோணத்தில் முட்டுக்கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. காந்தத்தை உணரும் ஒரு பொறியும் பல ரகங்களில் இருக்கிறது. மூடியை மூடினால் மேற்பக்கக் காந்தம் நெருங்கும், திரை அணையும். ஸ்பீக்கர் பெட்டியின் மேலோ, மூடிய இன்னொரு லேப்டாப்பின் மேலோ வைத்து வேலை செய்தால், அந்தக் காந்தத்தை மூடியென்று நினைத்துப் பெட்டி திரையை அணைத்துவிடும். அக்கா, தம்பி என இரண்டு லேப்டாப் இருந்த வீடுகளில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து இந்தக் கோளாறு வந்தது. பெட்டியை ஒரு அடி தள்ளி வைத்தால் அதற்கு வைத்தியம் முடிந்தது.

சற்று நேரம் ஓடி, சூடேறி, பிறகு திரை கறுத்து நின்றால் காற்றுப் பாதை அடைபட்டிருக்கும். மல்லாட்டை உடைக்கும் பருவத்தில் வீடு முழுக்கப் பறக்கும் தோல் தூசு விசிறிக்கும் அதன் பக்கத்து உலோகச் சீப்புக்கும் நடுவே மெத்தையாகப் படியும். குளவி செய்யும் வேலையும் உண்டு. ஆளில்லாமல் கிடக்கும் லேப்டாப்பின் காற்றுத்துளையும் விஜிஏ துளையும் குளவிக்குப் பிடித்த இடங்கள். ஈரமண்ணைக் கொண்டுவந்து வளை கட்டி, சிலந்தியையோ புழுவையோ மயக்கி உள்ளே வைத்து, முட்டையிட்டு மூடிவிடும். சமணர்களான ஒரு நயினார் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இறங்கியது. ஓடத் தொடங்கிச் சில நிமிடத்தில் கறுத்துவிடும். இடப்பக்கக் காற்றுத்துளையில் கூடு காய்ந்து கெட்டியாக இருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனை அதன்மேல் போவதற்குள் அந்த வீட்டுப் பாட்டி தடுத்துவிட்டார்: “அது தானா பறந்து போவட்டும் தம்பி, அதுவரைக்கும் பொட்டி இங்கியே இருக்கட்டும்.” பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து, விளக்கில் விழும் பூச்சியையும் எண்ணிப் பார்க்கும் வீடு அது. எதிர்ப்பக்க மூடியைத் திறந்து ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, யூஎஸ்பி உறையில் போட்டு, பேத்திக்கு வேண்டிய பாடங்களை வேறொரு பெட்டியில் ஏற்றிக் கொடுத்தாயிற்று. லேப்டாப் திண்ணை அலமாரியில் இருந்தது. சில வாரங்களில் மண்ணில் ஒரு வட்டத் துளை தெரிந்தது, குஞ்சு வெளியேறிவிட்டது. பிறகு கூட்டை உதிர்த்து, தூசைத் துடைத்து, பிராசஸர் மேல் காய்ந்து பொடிந்திருந்த பசையை மாற்றியபின் பெட்டி நாள் முழுக்க ஓடியது. எறும்பு குடியேறிய பெட்டிகளுக்கும் அந்த வீட்டு முறை நன்றாகவே பொருந்தியது. மூடியைத் திறந்து நிழலில் ஒரு இரவு வைத்து, கொஞ்சம் தள்ளி வெல்லத்தூள் வைத்தால் அவை தாமாகவே போய்விடும். மருந்து அடித்தால் அந்த ஈரம் பலகையில் இறங்கி இன்னொரு பழுதுக்கு வழிசெய்யும்.

நிறுவனத்தின் பெயர் திரையில் தெரிந்து, அதன்பின் கறுத்தால், பாகங்கள் எல்லாம் நலம், கோளாறு மென்பொருளில். முதல் சில ஆண்டுகளில் வந்த அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு லினக்ஸும் இருந்தது. பெரும்பாலோர் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் பழுது பார்க்க அது கைகண்ட சோதனை. தொடங்கும்போது வரும் பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்து, அது படத்தோடு திறந்துவிட்டால், திரையும் கம்பியும் சில்லும் எல்லாம் சரி, விண்டோஸுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று உறுதியாகிவிடும். விண்டோஸ் 7-இல் தொடங்கும்போதே எஃப் 8 விசையைத் தட்டி சேஃப் மோடில் நுழைந்து, கடைசியாக ஏற்றிய டிரைவரை நீக்கலாம். விண்டோஸ் 10 என்றால், தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அடுத்தடுத்து நிறுத்தினால் பழுதுநீக்கும் பக்கம் தானே வரும். கறுப்புத் திரையில் அம்புக்குறி மட்டும் அசைந்தால், கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எக்ஸ்ப்ளோரர் என்று தட்டிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-இல் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி (B) விசையைச் சேர்த்து அழுத்தினால் படச் சில்லின் டிரைவர் மறுபடி தொடங்கும்.

தண்ணீர் புகுந்த பெட்டிக்கு இந்த வரிசை பொருந்தாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பெய்தது. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர், திண்டிவனத்தில் 37 சென்டிமீட்டர் மழை. வீடூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள். வயலும் தெருவும் ஒன்றான நாட்கள் அவை. ஓட்டு வீடுகளில் அலமாரி வரை ஈரம் ஏறியது. நனைந்த லேப்டாப் ஓடுகிறதா என்று போட்டுப் பார்ப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். தண்ணீர் மட்டும் பலகையை உடனே கெடுப்பதில்லை. தண்ணீரோடு மின்சாரம் சேரும்போது இணைப்புகள் அரிக்கத் தொடங்கும், குறுக்கே பாய்ந்து சில்லு கருகும். பேட்டரியை உடனே கழற்ற வேண்டும். உள்ளே மூடிய ரகமென்றால் அடித்தகட்டைத் திறந்து பேட்டரிக் கம்பியைப் பிடுங்க வேண்டும். சேற்றுத் தண்ணீர் பட்ட பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவ வேண்டும். ஆல்கஹால் ஈரத்தை இழுத்துக்கொண்டு தானும் பறந்துவிடும். அரிசி மூட்டைக்குள் புதைத்தார்கள் சிலர். அரிசி உள்ளிருக்கும் ஈரத்தை எட்டாது. தவிடும் மாவும் துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். களத்தில் நெல்லோடு வெயிலில் காயவைத்தவையும் வந்தன. அவற்றின் பலகை பிழைத்தும் திரை பிழைக்கவில்லை; திரைக்குப் பின்னாலுள்ள மெல்லிய தாள்கள் சூட்டில் நெளிந்து, படத்தில் மேகம் மேகமாகக் கறை நின்றுவிட்டது. நிழலில், மின்விசிறிக் காற்றில், பிரித்துப் போட்டுக் காயவைத்தவை நன்றாக வந்தன.

எல்லாம் செய்தும் படம் வராமல், பெட்டி மட்டும் சூடாகிக்கொண்டே இருந்தால் படம் உருவாக்கும் சில்லின் அடியிலுள்ள ஈயப் பற்றவைப்பு விட்டிருக்கலாம். சூடேறி ஆறி, சூடேறி ஆறி நுண்ணிய விரிசல் விழுகிறது. வெப்பக்காற்று அடித்தால் கொஞ்ச காலம் ஓடும், திரும்பவும் நிற்கும். சில்லைக் கழற்றிப் புது ஈயமணி வைத்துப் பொருத்துவதற்கு அதற்கான இயந்திரம் உள்ள கடை வேண்டும். சென்னைக்குத்தான் போக வேண்டும். பழைய பெட்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். வெப்பக்காற்று அடித்து ஓடவைத்து, “சரியாப்போச்சு” என்று பணம் வாங்குவது ஏமாற்று வேலை.

திரைப் பலகைதான் கெட்டது என்று வெளி மானிட்டர் காட்டிவிட்டால் மாற்றுவது கஷ்டமில்லை. சட்டத்தின் ஓரத்திலுள்ள ரப்பர் பொட்டுகளின் அடியில் திருகுகள் இருக்கும். சட்டத்தை நகத்தால் நெம்பி எடுத்து, பலகையை விசைப்பலகை மேல் கவிழ்த்தால் முதுகில் மாடல் எண் தெரியும். கடையில் அந்த எண்ணையும் கம்பிக்கற்றையின் முனைகளையும் சொல்லி வாங்க வேண்டும். முதலில் வந்த ரகங்களில் 40 முனை, பின்னால் வந்தவற்றில் 30 முனை. 14 அங்குலம் என்று அளவை மட்டும் சொல்லி வாங்கிவந்து, பொருந்தாமல் திரும்பப் போனவர்கள் உண்டு. பேட்டரியைக் கழற்றாமல் கம்பியைச் செருகக் கூடாது. முனை சற்றுக் கோணலாகப் படிந்தாலும் அந்தச் சின்ன ஃபியூஸ் போய், புதுத் திரையும் கறுப்பாகவே நிற்கும்.

மதர்போர்டு போனது போனதுதான் என்று முடிவாகிவிட்டால், ஹார்ட் டிஸ்கை முதலில் எடுத்துவிட வேண்டும். ஸ்கேன் செய்த சான்றிதழ்கள், கல்லூரிப் புராஜெக்ட், இறந்துபோன தாத்தாவின் படம் என்று வேறெங்கும் இல்லாதவை அதில்தான் இருக்கும். யூஎஸ்பி உறையில் போட்டு இன்னொரு கணினியில் திறந்தால் கோப்புகள் அப்படியே கிடைக்கும். மெமரியும் அடாப்டரும் திரையும் அதே ஆண்டு வந்த இன்னொரு பெட்டிக்குப் பெரும்பாலும் பொருந்தும். மொத்தமாக வாங்கிய அரசு லேப்டாப்பில் இது ஒரு பெரிய வசதி. மிச்சத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதுதான் ஊர் வழக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச்சேர வேண்டும். உப்பிய பேட்டரியை மட்டுமாவது இரும்போடு சேர்க்காமல், அழுத்தமோ வெயிலோ படாத இடத்தில் தனியாக வைத்து, திண்டிவனம் போகும்போது பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் கடையில் கொடுத்துவிட வேண்டும்.